சில்லறையாய் ஒரு திருகாணி: பழைய இழைப்புளியைச் சரிசெய்த அனுபவம்

எங்கள் ஊர் இரும்புக் கடையில் அந்தக் காலத்தில் சுத்தியல் முழுசாகக் கிடைக்காது. தலைகள் ஒரு பெட்டியில் கிடக்கும், காம்புகள் மூலையில் கட்டாகச் சாத்தியிருக்கும். இரண்டையும் தனித்தனியாக வாங்கி வந்து நாமே பொருத்திக்கொள்ள வேண்டும். மண்வெட்டியும் கோடாலியும் அப்படித்தான். உளிக்குப் பிடி தனி, அரத்துக்குப் பிடி தனி. மரத்தைச் சீவி மட்டமாக்கும் இழைப்புளியில் தகடு மட்டும்தான் விற்பனைக்கு. கட்டையை ஆசாரி தன் கைக்குத் தோதாகத் தானே செய்துகொள்வார்.

கும்பகோணம் பெரிய கடைத் தெருப் பக்கம் இருந்த கடை அது. அப்பாவோடு போவேன். வாசலில் தாம்புக் கயிறு, சணல், கட்டுக்கம்பிச் சுருள், கருக்கரிவாள், மாட்டு லாடம். உள்ளே போனால் சுவர் முழுக்க மரப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் உள்ளே இருக்கும் சாமானில் ஒன்றைக் கம்பியால் கட்டி வைத்திருப்பார்கள். ஒரு கீல், ஒரு கொக்கி, ஒரு பித்தளைத் திருகாணி. பெயர் தெரியாதவர்கள் விரலை நீட்டிக் கேட்டால் போதும். ஆணியை எடை போட்டுச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டுவார்கள். திருகாணி ஒன்றே ஒன்று வேண்டுமென்றாலும் முகம் சுளிக்காமல் தருவார்கள். கடைக்காரர் முதலில் கேட்பது "என்ன வேலைக்குங்க?" என்றுதான். அதற்குப் பதில் சொன்ன பிறகே சாமான் வெளியே வரும். பல நேரம் நாம் கேட்டது வராது, வேலைக்கு எது சரியோ அது வரும்.

உடைந்தால் சரிசெய்துகொள்வார்கள் என்ற நம்பிக்கையில் நடந்த கடை அது. காம்பு போனால் காம்பு, தகடு தேய்ந்தால் தகடு, திருகாணி தொலைந்தால் திருகாணி. இப்போது அட்டையும் பிளாஸ்டிக்குமாக ஒட்டி அடைத்து வரும் கருவிகளில் ஒரு பகுதி போனால் முழுசும் குப்பைக்குத்தான். இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிது என்பது ஒரு பழைய இழைப்புளியைப் பழுது பார்க்க இறங்கியபோதுதான் எனக்கு முழுசாக உறைத்தது.

இழைப்புளி கிடைத்தது பழைய இரும்புக் கடையில். துருப்பிடித்த கேட் கம்பிகளுக்கும் பம்புசெட் உதிரிகளுக்கும் நடுவில் கிடந்தது. ரெக்கார்டு நிறுவனத்தின் 05ஆம் எண் இழைப்புளி. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1930களிலிருந்து இந்த வரிசை இழைப்புளிகள் வந்துகொண்டிருந்தன. உள்ளமைப்பு அமெரிக்கர் லெனார்ட் பெய்லியுடையது. அவருடைய காப்புரிமைகளை ஸ்டான்லி நிறுவனம் 1869இல் வாங்கியது. அந்தக் காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு உலகம் முழுக்க அதே அமைப்பில் செய்தார்கள். ஸ்டான்லியில் 5 என்று இருப்பது ரெக்கார்டில் 05 ஆகும். 14 அங்குல நீள அடித்தளம், 2 அங்குலத் தகடு. பின்னால் ஒரு பித்தளைத் திருகி, அதைச் சுற்றினால் தகடு இறங்கும், ஏறும். நம் ஊர்க் கட்டை இழைப்புளியில் இதே வேலையை ஆப்பையும் தகட்டையும் லேசாகத் தட்டித்தான் செய்வார்கள். கை பழகிய ஆசாரிக்கு அந்தத் தட்டல் போதும். என்னைப் போன்றவர்களுக்குத் திருகி பெரிய உதவி.

பழைய இரும்புக் கடையில் எதையும் எடை போட்டுத்தான் தருவார்கள். இந்த இழைப்புளி இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் சில விஷயங்களைப் பார்த்தே ஆக வேண்டும். வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் வளையாது, விரிசல் விடும். விரிசல் பெரும்பாலும் தகடு எட்டிப் பார்க்கும் வாயின் இரண்டு ஓரத்திலும் பக்கச் சுவர்களிலும் இருக்கும். துருவுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாது. அதனால் தகட்டையும் மற்ற உறுப்புகளையும் கழற்றிவிட்டு, உடலை விரலில் தொங்கவிட்டு, ஒரு ஸ்பேனரால் லேசாகத் தட்டினேன். சந்தையில் பானையைத் தட்டிப் பார்ப்பது மாதிரிதான். நல்ல உடல் கணீரென்று நீளமாக ஒலிக்கும், விரிசல் கண்டது மொத்தென்று அடங்கிவிடும். இது ஒலித்தது. அப்புறம் அடித்தளத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். பெரிய முறுக்கு இல்லை. தகட்டில் தேய்ந்து போக இன்னும் நிறைய நீளம் பாக்கி இருந்தது. துருவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, ஒரு விஷயத்தைத் தவிர. தகட்டின் தட்டையான முதுகில், வெட்டும் முனைக்கு அருகில் துரு குழி பறித்திருந்தால் அந்தக் குழி போகும்வரை கூர் நிற்காது. இதில் குழிகள் மேலே தள்ளித்தான் இருந்தன.

குறைகள் இரண்டு. பின்கைப்பிடி பாதியில் ஒடிந்திருந்தது. அதை உடலோடு பிடித்து வைக்கும் நீளத் திருகுக் கம்பியும் இல்லை.

துரு எடுக்கும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறிய எஃகு உறுப்புகளையும் தகட்டையும் எலுமிச்சை உப்புக் கரைசலில் போட்டேன், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் போல. மளிகைக் கடையிலேயே கிடைக்கும். இரவு ஊறியதும் காலையில் பிரஷ்ஷால் தேய்த்தால் கறுப்பாக வந்துவிடும். உடனே சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, துடைத்து, வெயிலில் காயவைத்து எண்ணெய் தடவ வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் கண்ணெதிரே புதுத் துரு பூக்கும். பித்தளைத் திருகியை அதே கரைசலில் போடக் கூடாது, போட்டால் எஃகின் மேல் செம்பு படியும். அதற்கு வீட்டுக் குத்துவிளக்குக்குச் செய்வதுதான், புளி. வார்ப்பிரும்பு உடலை ஊறப்போடாமல் மண்ணெண்ணெயும் கம்பிப் பிரஷ்ஷும் வைத்தே முடித்தேன்.

அடித்தளத்தைச் சமமாக்குவதற்குத் தட்டையான ஒரு பரப்பு வேண்டும். கிரானைட் கடையில் சமையலறை மேடைக்கு சிங்க் வைக்க வெட்டியெடுத்த துண்டுகள் ஓரமாகக் கிடக்கும். ஸ்டீல் ஸ்கேலை அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக நிறுத்தி, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்து ஒன்றை எடுத்துவந்தேன். அதன் மேல் 80ஆம் நம்பர் எமரி தாளை ஒட்டி, இழைப்புளியின் அடியில் மார்க்கர் பேனாவால் குறுக்குக் கோடுகள் போட்டு, முன்னும் பின்னும் தள்ள வேண்டும். கோடு அழியாத இடம் பள்ளம். இதில் ஒரு முக்கியமான விஷயம். தகட்டையும் அதைப் பிடிக்கும் நெம்புமூடியையும் வழக்கமான இறுக்கத்தில் பொருத்திவிட்டு, தகடு வெளியே நீட்டாதபடி உள்ளே இழுத்து வைத்துக்கொண்டுதான் தேய்க்க வேண்டும். இறுக்கும்போது உடல் ஒரு மயிரிழை வளையும். வேலை செய்யும்போது இருக்கும் அதே நிலையில் சமமாக்கினால்தான் பலன். முழு அடித்தளமும் கண்ணாடியாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. முன்முனை, வாய்க்கு முன்னால் உள்ள பகுதி, பின்முனை, இந்த மூன்றும் ஒரே மட்டத்தில் வந்தால் போதும். அதற்குப் பிறகு 120, 220 என்று போனேன்.

கைப்பிடிக்குப் பூவரசு. எங்கள் பக்கம் வாய்க்கால் ஓரமெல்லாம் பூவரசுதான். வைரம் பாய்ந்த கட்டை கெட்டியாக இருக்கும், அழகான பழுப்பு நிறம். நார் இழைப்புளியின் அடித்தளத்துக்கு இணையாக ஓடும்படி கட்டையை வைத்து வெட்ட வேண்டும். செங்குத்தாக ஓடினால் கை பிடிக்கும் மேல் கொம்பு சீக்கிரம் உடையும். இன்னொன்று, கம்பிக்கான நீளத் துளையை முதலில் போட்டுவிட வேண்டும். கட்டை சதுரமாக இருக்கும்போதுதான் துளை நேராகப் போகும், வளைவெல்லாம் செதுக்கிய பிறகு எதையும் நேராகப் பிடிக்க முடியாது. துளை போட்டு, அட்டையில் வரைந்த உருவத்தை ஒட்டி, ரம்பத்தால் அறுத்து, அரை வட்ட அரத்தால் உருட்டி, உப்புத்தாள் போட்டேன். வார்னிஷ் வேண்டாம். ஆளி விதை எண்ணெய்தான் கைக்கு நன்றாகப் பிடிக்கிறது.

அந்தத் திருகுக் கம்பிக்கும் சாணைக் கல்லுக்கும்தான் சென்னையில் ஜார்ஜ் டவுனுக்குப் போனேன். எனக்குச் சென்னையில் பிடித்த இடம் எது என்று கேட்டால் கடற்கரைக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன். பாரிமுனையில் இறங்கி லிங்கிச் செட்டித் தெருவிலும் செம்புதாஸ் தெருவிலும் நடந்தால், இரும்பால் செய்யக்கூடிய எல்லாமும் ஏதோ ஒரு கடையில் இருக்கிறது. பேரிங்குக்கு ஒரு கடை, வால்வுக்கு ஒரு கடை, அளவுக் கருவிகளுக்கு ஒரு கடை. சில கடைகள் பத்தடி அகலம்கூட இல்லாதவை, உள்ளே பார்த்தால் இருட்டுக்குள் நீண்டுகொண்டே போகும். பக்கத்துத் தம்புச் செட்டித் தெருவில்தான் காளிகாம்பாள் கோயில். கொல்லர், தச்சர், கன்னார், சிற்பி, பொற்கொல்லர் என்ற ஐந்தொழில் செய்யும் விசுவகர்மாக்களின் கோயில் அது. கருவி விற்கும் தெருக்களுக்கு நடுவில் கருவி பிடிப்பவர்களின் தெய்வம் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும், வார நாளில் முற்பகலில் போவது நல்லது.

மொத்த வியாபாரக் கடைகள்தான். ஆனாலும் பழைய கடைகளில் ஒற்றைச் சாமான் கேட்டால் தருகிறார்கள். கல்லாவில் இருந்த பெரியவரிடம் இழைப்புளி உடலையே எடுத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, கம்பி திருகி ஏறும் மரை ஓட்டையைப் பார்த்துவிட்டு, "இது பழைய இங்கிலீஷ் மரை தம்பி. மில்லிமீட்டர் போல்ட்டைத் திணிச்சு உள்ள இருக்கிறதையும் கெடுத்துடாதீங்க. லேத்துல ஒண்ணு போட்டுக்குங்க" என்றார். அவர் எனக்கு எதையும் விற்கவில்லை. பக்கத்துச் சந்தில் எந்த லேத் பட்டறையில் சிறு வேலையை மதித்துச் செய்வார்கள் என்று வழி மட்டும் சொன்னார். அங்கே மரை அளக்கும் சீப்பை வைத்துப் பார்த்து, அதே மரையில் ஒரு கம்பியைக் கடைந்து, முனையில் திருப்புளிக்கு வெட்டும் போட்டுக் கொடுத்தார்கள்.

இந்த மரைக் குழப்பத்துக்கு நீண்ட கதை உண்டு. ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் 1841இல் மரைகளுக்கு ஒரே அளவு முறை வேண்டும் என்று 55 டிகிரிக் கோணத்தில் ஒரு முறையை வகுத்தார். அதுதான் நம் ஊருக்கும் வந்தது. 1956இல் மெட்ரிக் முறைக்கான சட்டம் வந்து, 1960களின் தொடக்கத்தில் எடையும் அளவும் மாறின. மரக்கடையும் பட்டறையும் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. இன்றைக்கும் ஆசாரி அங்குலத்திலும் நூலிலும்தான் பேசுகிறார். எட்டு நூல் ஓர் அங்குலம். இரும்புக் கடையில் "நாலு நூல் போல்ட்" என்றால் அரை அங்குலம். கட்டடக் கம்பியிலும் 10 மில்லிமீட்டரை மூணு நூல் என்றே கேட்கிறார்கள். பழைய இரும்புக் கடையில் ஸ்பேனர் பொறுக்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருக்கும் அளவு போல்ட் தண்டின் விட்டம், ஸ்பேனர் வாயின் அகலம் அல்ல. அரை அங்குலம் என்று போட்டிருப்பதன் வாய் கிட்டத்தட்ட 23 மில்லிமீட்டர் இருக்கும். பழைய ஆயில் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு அது பொக்கிஷம்.

சாணைக்கு ஒரு பக்கம் முரடும் மறுபக்கம் நைசுமான கார்போரண்டம் கல். கார்போரண்டம் யுனிவர்சல் 1954இல் சென்னையில் தொடங்கிய நிறுவனம். தமிழ்நாட்டில் தச்சுப் பெட்டியில் இந்தக் கல் இல்லாமல் பார்த்ததில்லை. துளை போட அடிசன் டிரில் பிட்டுகள் வாங்கினேன். அதுவும் சென்னை நிறுவனம், 1873இல் ஆரம்பித்தது. கட்டிங் பிளேயருக்கு டபாரியா. 1969இல் சுவீடனின் தொழில்நுட்பக் கூட்டோடு தொடங்கியவர்கள், நாசிக்கில் ஆலை. எந்த ஊர் எலக்ட்ரீஷியன் பையிலும் இது இருக்கும். இந்த மூன்றும் இன்றும் சின்ன ஊர்க் கடைகளில்கூடக் கிடைப்பது பெரிய ஆறுதல்.

கடையில் நின்று கருவியைச் சோதிப்பதற்கு வெட்கப்படவே கூடாது. மூலைமட்டம் வாங்கினால், நேரான ஓரமுள்ள ஒரு பலகையையோ அட்டையையோ கேளுங்கள். மட்டத்தை ஓரத்தில் சாத்தி ஒரு கோடு, அப்புறம் மட்டத்தைப் புரட்டி வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாக விழுந்தால் மட்டம் சரி, விரிந்தால் விரிந்ததில் பாதி அதன் பிழை. ரசமட்டத்தையும் இப்படியே திருப்பி வைத்துப் பார்க்கலாம், குமிழி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வெட்டும் வாயில் கீற்று தெரியக் கூடாது. கைரம்பத்தை வளைத்து விட்டால் துள்ளி நேராக வேண்டும். பல் முனை மட்டும் கருநீலமாக இருக்கும் ரம்பங்களில் அரம் ஏறாது, மழுங்கினால் தூக்கிப் போடத்தான் வேண்டும். ஆயுளுக்கும் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் அதைத் தவிர்த்துவிடலாம். சுத்தியல் காம்பின் அடிமுனையைப் பார்த்தால் மர வளையக் கோடுகள் தெரியும். அவை அடிக்கும் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் என்றைக்காவது ஒரு நாள் தலை பறக்கும்.

உளியைத்தான் கடையில் பார்த்து நம்பிவிட முடிவதில்லை. பளபளப்பு பதத்தைக் காட்டாது. சம்மதித்தால் முனையில் சின்ன அரத்தை வைத்துப் பார்க்கலாம். அரம் கடிக்காமல் வழுக்கினால் எஃகு கெட்டி. நான் பெரிய உளிகளைக் கொல்லுப் பட்டறையில்தான் அடித்து வாங்குகிறேன். லாரியின் பட்டை ஸ்பிரிங் துண்டு, கண்ணெதிரே உலையில் சிவந்து, அடிபட்டு, தோய்ந்து வரும். கைக்கு அகலம் சொல்லலாம், நீளம் சொல்லலாம். பதம் குறைவாகத் தோன்றினால் அதே ஆளிடம் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். இதைவிட நல்ல உத்தரவாதம் எந்த அட்டைப் பெட்டியிலும் அச்சடித்து வருவதில்லை.

இணையத்தில் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. ஜப்பானிய இழுப்பு ரம்பமும் வைரத்தூள் பதித்த சாணைத் தகடும் எனக்கு அப்படித்தான் கிடைத்தன, பக்கத்துக் கடையில் அவை வராது. ஆனால் மட்டமும் கருவியின் பிடியும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை. அந்தப் பெரியவரைப் போல "வேண்டாம், வேறு வழி இருக்கிறது" என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. ஊர்களில் இரும்புக் கடைகள் பெயிண்டுக்கும் பிளாஸ்டிக் குழாய்க்கும் டைல்ஸ் பசைக்கும் மாறிவிட்டதில் கடைக்காரர்களின் தவறு ஒன்றுமில்லை. கதவு ஆலையில் செய்து வருகிறது, அலமாரி பெட்டியில் வருகிறது. ஆனாலும் இன்னும் சில்லறையாகத் திருகாணி விற்கும் கடை உங்கள் ஊரில் இருந்தால், தயவுசெய்து அங்கே போய் வாங்குங்கள்.

தகட்டைக் கூராக்குவது இந்த வேலையின் உயிர். முதலில் தட்டையான முதுகு. முனையை ஒட்டி ஒரு விரற்கடைக்கு முகம் தெரியும்வரை கல்லில் தேய்க்க வேண்டும். இதைச் செய்யாமல் சரிவை மட்டும் தீட்டுகிறவர்களுக்குக் கூர் வரவே வராது, ஏனென்றால் கூர் என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு. சரிவுக்கு 25 டிகிரி. கோணமானி தேவையில்லை. சரிவின் நீளம் தகட்டின் கனத்தைப் போல் இரண்டேகால் மடங்குக்குச் சற்று அதிகமாக இருந்தால் 25 டிகிரி, சரியாக இரண்டு மடங்கு என்றால் 30. இந்தத் தகடு சுமார் 2 மில்லிமீட்டர் கனம், ஆகவே சரிவு 5 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முரட்டுப் பக்கத்தில் ஆரம்பித்து, முதுகுப் பக்கம் விரலில் நெருடும் மெல்லிய பிசிர் முழு அகலத்துக்கும் எழும்பிய பிறகுதான் நைசுப் பக்கத்துக்குப் போக வேண்டும். கல்லில் மண்ணெண்ணெயோடு கொஞ்சம் மெஷின் ஆயில். முடிவில் கொஞ்சம் தூக்கிப் பிடித்து 30 டிகிரியில் சில இழுப்பு, பிறகு தோல் பட்டையில் துடைப்பு. முன்கை மயிரில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தகட்டின் மேல் உட்காரும் மடக்குத் தகட்டைப் பலர் கவனிப்பதே இல்லை. அதன் உதடு தகட்டின் முதுகோடு இடைவெளியே இல்லாமல் படிய வேண்டும். வெளிச்சம் தெரிந்தால் அங்கே சீவல் நுழைந்து அடைத்துக்கொள்ளும். உதட்டின் அடியைக் கல்லில் சரித்துத் தேய்த்துப் படியவைத்தேன். நான் இழைக்க வேண்டியிருந்தது வேம்பு. வேம்பின் நார் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் பின்னி ஓடும். ஒரு பட்டை வழவழவென்று வரும், அடுத்த பட்டை பிய்த்துக்கொண்டு கிளம்பும். மடக்குத் தகட்டை வெட்டும் முனைக்கு அரை மில்லிமீட்டர் அளவுக்கு நெருக்கி வைத்தால், நார் பிய்ந்து ஓடுவதற்குள் சீவல் ஒடிந்து மடங்கிவிடுகிறது. தேக்கில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் தேக்கில் மணல் சத்து உண்டு, கூர் சீக்கிரம் போகும்.

வேலை எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவு. செங்குத்துப் பலகைகளைச் சேர்த்துக் குறுக்குச் சட்டம் அடித்தது. மழைக் காலத்தில் உப்பி நிலையில் இறுகிவிடும். மின்சார இழைப்பு மெஷின் வேகமானது, ஆனால் ஓர் ஓட்டில் அது எடுப்பது இந்த வேலைக்கு அதிகம். தை, மாசியில் பலகை சுருங்கும்போது அந்த இடம் ஓட்டையாகிக் காற்றும் பல்லியும் வரும். மரம் நீளவாக்கில் அநேகமாக நீளுவதே இல்லை, அகலவாக்கில்தான் உப்பும். அதனால் தாழ்ப்பாள் பக்க ஓரம்தான் இழைக்க வேண்டியது. நிலையில் கரித்தூளைப் பூசிக் கதவை மூடித் திறந்தால், உரசும் இடத்தில் கறுப்பு ஒட்டும். கறுப்பு ஒட்டிய இடத்தை மட்டும் மெல்லிய சீவலாக எடுத்து, மறுபடி பூசி, மறுபடி மூடிப் பார்த்தேன். ஓரத்தை, நிலைக்குள் முதலில் நுழையும் பக்கம் கொஞ்சம் சரிவாக இழைத்தால் கதவு சுழன்று மூடும்போது விளிம்பு இடிக்காது. மழை நாளிலேயே இதைச் செய்வது நல்லது, மரம் முழுசாக உப்பியிருக்கும்போது அரை நூல் இடைவெளி கிடைத்தால் போதும். கோடையில் அது ஒரு நூலை எட்டலாம், அவ்வளவுதான்.

இழைப்புளியை வைக்கும்போது பக்கவாட்டில் சாய்த்து வைக்கிறேன். கொஞ்சம் விளக்கெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்தால் மழைக் காலத்திலும் துரு வருவதில்லை. பட்டறைகளில் ஆயுத பூஜைக்கு எல்லாக் கருவியையும் கழுவித் துடைத்து எண்ணெய் தடவிப் பொட்டு வைக்கும் வழக்கம் ஐப்பசி மழைக்குக் கொஞ்சம் முன்னால் வருவது எவ்வளவு பொருத்தம் என்று இப்போது புரிகிறது. நானும் அன்றைக்குத்தான் எல்லாத் தகட்டையும் ஒரு சுற்று தீட்டுகிறேன்.

கதவு வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இழைத்த ஓரத்துக்கு மட்டும் வார்னிஷ் அடித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஈரம் மிக வேகமாக ஏறுவது பலகைகளின் மேல் முனையிலும் கீழ் முனையிலும்தான், நார் அறுபட்ட இடம் அது. பெயிண்டர்கள் பெரும்பாலும் கதவைக் கழற்றாமல் அடிப்பதால் கீழ் முனை பூச்சே இல்லாத வெறும் மரமாகவே கிடக்கும். நான் கதவைக் கீலோடு கழற்றி, வெயில் நாளில் கிடத்தி, இரண்டு முனைகளுக்கும் வார்னிஷ் உறிஞ்சுவது நிற்கும்வரை திரும்பத் திரும்ப அடித்தேன். கீலின் பழைய திருகாணிகளில் ஒன்று தலை வழுக்கிவிட்டிருந்தது. அதற்கு மாற்றாக முக்கால் அங்குலப் பித்தளைத் திருகாணி ஒன்று, பெரிய கடைத் தெருவில் இன்னும் எடுத்துத் தருகிற ஒரு கடையில் வாங்கிப் போட்டேன்.